3 வருசம் சும்மா கிடந்த யமஹா 15 மண்ணெண்ணெய் எஞ்சின்: எதில இருந்து தொடங்குறது?

வடகரை:

வணக்கம். யமஹா எண்டுரோ 15, மண்ணெண்ணெய் மொடல், ரெண்டு ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுறது. 3 வருசமா கொட்டிலுக்குள்ள படுக்கப் போட்டபடி கிடந்தது. கடைசியாக் கடலால வந்த பிறகு நல்லதண்ணியில ஓட்டிக் கழுவேல்லை எண்டுதான் தெரியுது.

இப்ப நிலைமை இதுதான். கயிறு முதல் நாள் இறுக்கம், பிறகு சுத்துது. தண்ணிப் பீப்பாவுக்குள்ள வைச்சு, சோக் இழுத்து, பெற்றோலில நாலாவது இழுவைக்குப் பிடிக்குது. பத்துச் செக்கன் ஓடி நிக்குது. எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி பக்கத்தால பீச்சேல்லை, சொட்டுச் சொட்டா விழுது. கியர் ஒயில் பால்த்தேத்தண்ணி நிறம், தண்ணி கலந்திருக்குப் போல. மண்ணெண்ணெய்க்கு மாத்திப் பாக்குற அளவுக்கே அது ஓடேல்லை.

ஒரு கராச்சில திறந்து பாக்காமலே "ரிங், பிஸ்டன் எல்லாம் மாத்தோணும்" எண்டு சொல்லினம். உண்மையா? என்ன ஒழுங்கில பாக்கோணும், எந்தச் சாமானை முதலே வாங்கி வைக்கோணும்?

முத்துநகர் ஃபிட்டர்:

முதலில் கயிறு இழுப்பதை நிறுத்துங்க. படுக்கப் போட்ட ஓபிஎம் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) என்றால் லெக்கிலும் (தண்ணிக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) எக்ஸாஸ்ட் பாதையிலும் நின்ற உப்புத் தண்ணி சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தலைப்பக்கம் தாழ்ந்து கிடந்திருந்தால் இறங்கியே இருக்கும். ரிங்கில் துரு பிடித்த நிலையில் காய்ந்த சிலிண்டரை இழுத்துக்கொண்டே இருந்தால் சுவரில் கோடு விழும். அப்புறம் கராஜில் சொன்னது தானாகவே உண்மையாகிவிடும்.

இரண்டு பிளக்கையும் கழற்றி, 2டி ஆயிலும் மண்ணெண்ணெயும் பாதிப் பாதி கலந்து துளைக்கு 10 முதல் 15 மில்லி ஊற்றி ஒரு ராத்திரி விடுங்க. காலையில் ஃப்ளைவீல் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்க, கடிகார முள் போகும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் சுற்றினால் கீழே பம்பில் இம்பெல்லர் (தண்ணியை மேலே தள்ளும் ரப்பர் சக்கரம்) இறக்கை மடங்கி உடையும். அதை எப்படியும் மாற்றத்தான் போகிறீங்க, ஆனால் உடைந்த ரப்பர் துண்டு தண்ணிக் குழாயில் ஏறிவிட்டால் தேடி எடுப்பது தனி வேலை. சுற்றும்போது காதைக் கிட்ட வைத்துக் கேளுங்க. மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்று வந்தால் கிராங்க் பேரிங்கில் துரு. அப்படியானால் கீழே சொல்லும் எதுவும் வேண்டாம், பவர்ஹெட்டை (மேலே இருக்கும் எஞ்சின் பகுதி) பிரித்தே ஆகணும். கரகரப்போடு ஓட்டிப் பார்ப்பது, இன்னும் நன்றாக இருக்கும் கிராங்க்கையும் சேர்த்துக் கெடுப்பது.

சத்தம் இல்லை என்றால் வரிசை இதுதான்: கம்ப்ரஷன், ஸ்பார்க், எரிபொருள், தண்ணி. இந்த வரிசையை மாற்றாதீங்க. எல்லாரும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள், கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால்.

கம்ப்ரஷன் பார்க்கும் முன் ஊற்றிய ஆயிலை வெளியே தள்ளணும். துளைமேல் துணியைப் பிடித்துப் பத்துத் தடவை சுற்றுங்க. ஆயில் உள்ளே இருந்தால் அது ரிங் இடைவெளியை அடைத்து, இல்லாத கம்ப்ரஷனைக் காட்டும். பிறகு இரண்டு பிளக்கும் வெளியே இருக்க, பிளக் வயர் இரண்டையும் பாடியோடு எர்த் பண்ணி (தொங்கவிட்டு இழுத்தால் சிடிஐ, அதாவது ஸ்பார்க் கொடுக்கும் மின்பெட்டி போகும்), ஒரு துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து, கேஜ் முள் இனி ஏறாது என்று நிற்கும்வரை நாலைந்து இழுவை. நியூட்ரலில் கைப்பிடி முழுசாகத் திருகாவிட்டால் கார்புரேட்டர் பக்கம் லிங்கைக் கையால் பிடித்துத் திறங்க. த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல மோட்டாரும் செத்த மோட்டார் மாதிரித்தான் காட்டும்.

பெட்ரோல் மாடலில் 100 பிஎஸ்ஐயை ஒட்டி எதிர்பார்ப்போம். உங்களுடையது மண்ணெண்ணெய் மாடல், வேண்டுமென்றே கம்ப்ரஷனைக் குறைத்துக் கட்டியது. 70, 80 வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பிஸ்டன் பேச்சை விடுங்க. ஒன்று மட்டும் ரொம்பக் கீழே இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப இழுங்க. எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட் அல்லது பிஸ்டன் தலை.

ஸ்பார்க்: பிளக்கைப் பாடியில் சாய்த்து வைத்துப் பார்ப்பது போதாது. வெளியே அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது சுலபம், அழுத்தத்துக்குள் தாண்டுவது வேறு. 7, 8 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கும் டெஸ்டரில் நீலமாகச் சட்டென்று அடிக்கணும். இரண்டிலும் வரவில்லை என்றால் முதல் வேலை, ஸ்டாப் சுவிட்சின் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது. யமஹாவில் வெள்ளை ஸ்டாப், கருப்பு எர்த். உப்பேறிய சுவிட்ச் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு மோட்டாரை எப்போதும் "ஆஃப்" செய்துகொண்டே இருக்கும். பாதிப் பேர் இதற்குத்தான் சிடிஐ வாங்குகிறார்கள். அந்த வயரைக் கழற்றியபடி ஓட்டினால் மோட்டார் சுவிட்சில் நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்தணும் என்பது நினைவிருக்கட்டும்.

ஃப்ளைவீலைக் கழற்ற நேர்ந்தால் புல்லர் போட்டுக் கழற்றுங்க. தண்டின் தலையில் சுத்தியலால் தட்டும் பழக்கம் நம் கரைகளில் இருக்கிறது. த்ரெட் போகும், காந்தமும் உடைந்து விழும். உள்ளே இருக்கும் சின்னச் சாவி (ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருந்தால்கூட டைமிங் நகர்ந்து, இழுக்கும்போது கயிறு கையைத் திருப்பி இழுக்கும்.

பத்து வினாடி ஓடி நிற்பது கார்புரேட்டர் அடையாளம்தான். பிடிக்கிறது என்றால் ஸ்பார்க்கும் ஓரளவு கம்ப்ரஷனும் இருக்கிறது. ஆனாலும் எண்களை எழுதிப் போடுங்க.

கார்புரேட்டர் பற்றி மூன்றே விஷயம். பைலட் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் உள்ளே லேசாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்க. யாரோ ஏற்கெனவே கெடுத்திருந்தால் ஒன்றரைச் சுற்றில் தொடங்குங்க. ஜெட்டுக்குள் குண்டூசி, இரும்புக் கம்பி விடாதீங்க. தூண்டில் நரம்பு அல்லது ஒயரில் இருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். ஜெட் என்பது அளந்து போட்ட துளை, கீறல் விழுந்தால் அளவு மாறும். மூன்றாவது, பைலட் ஜெட்டின் வழி கண்ணுக்குத் தெரியாது. கிளீனர் அடித்தால் மூன்று சின்னத் துளைகளிலும் பீச்சணும். ஒன்றில் வராவிட்டால் ஐட்லிங் வரவே வராது.

முதலில் வாங்க வேண்டியவை: இம்பெல்லர் கிட் (சாவி, கேஸ்கெட் சேர்த்து), கார்புரேட்டர் கேஸ்கெட்டும் நீடில் வால்வும், ஃப்யூயல் பம்ப் டயஃப்ரம் (பம்புக்குள் இருக்கும் சவ்வு), இரண்டு பிளக், கியர் ஆயில் வடிக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவின் வாஷர்கள். வேறு எதையும் இப்போது வாங்காதீங்க.

குமரிக்கரை:

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். எரிபொருள் குழாயையும் அதில் இருக்கும் கை பம்பையும் (ரப்பர் பல்ப்) சந்தேகப்பட வேண்டியது கார்புரேட்டருக்கும் முன்னால். பல்பைப் பிழிந்தால் கல்லு மாதிரி இறுகணும். இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, கனெக்டர் ஓ-ரிங் அல்லது குழாய் வெடிப்பு. ஓடும்போது பல்ப் தட்டையாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம், முக்கால்வாசி நேரம் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள். நிற்கப்போகும்போது பல்பைப் பிழிந்தால் மோட்டார் உயிர் பிடிக்கிறது என்றால் ஃப்யூயல் பம்ப் டயஃப்ரம் போயிருக்கு. டயஃப்ரமில் ஊசித்துளை விழுந்தால் இன்னொரு கோளாறும் வரும்: எரிபொருள் அந்தத் துளை வழியாக நேரே கிராங்க்கேசுக்குள் போய், ஒரு சிலிண்டர் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும். ஆட்கள் பிளக்கை மாற்றி மாற்றிக் களைத்துப்போவது அங்கேதான்.

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஊதும், ஈரத்தையும் இழுக்கும். பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு மற்றதைச் சுத்தம் பண்ணுவதில் அர்த்தம் இல்லை.

தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் உடனே இம்பெல்லர் என்று முடிவு கட்டாதீங்க. பீச்சும் மூக்கில் உப்புக் கட்டியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி, குழாயை எதிர்ப்பக்கமாக ஊதிப் பாருங்க. அதேபோல நன்றாகப் பீச்சினால் எல்லாம் சரி என்றும் கிடையாது. ஹெட்டுக்குள் உப்புப் பாறையாகக் கட்டியிருந்தாலும் பக்கத்தால் பீச்சும் மோட்டார்கள் உண்டு. ஹெட்டில் ஒரு துளி தண்ணி வைங்க. சுர்ரென்று பொரிந்தால் உடனே நிறுத்துங்க.

3 வருடம் கழித்து லெக்கை இறக்காமல் இருக்க முடியாது. கியரை ரிவர்சில் போட்டு, ஷிஃப்ட் ராட் இணைப்பைப் பிரித்து, போல்ட்களைக் கழற்றினால் இறங்கணும். இறங்காவிட்டால் ட்ரைவ் ஷாஃப்ட் மேலே கிராங்க் ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட் மாட்டும் பல்வெட்டு) துருப்பிடித்து மாட்டியிருக்கு. ஆப்பு வைத்துப் பிளக்காதீங்க, அலுமினிய முகம் பிய்ந்துவிடும். துருவிளக்கி எண்ணெயை மேலே இருந்து விட முடியாது, அதனால் மோட்டாரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, லெக் பொருத்து வழியாக ஷாஃப்ட்டோடு வழியும்படி விட்டு இரண்டு நாள் பொறுங்க.

இம்பெல்லர் போடும்போது இறக்கைகளில் சோப்புத் தண்ணி அல்லது கிரீஸ். பம்ப் மூடியை அழுத்திக்கொண்டே ஷாஃப்ட்டைக் கடிகாரத் திசையில் சுற்றினால் இறக்கைகள் சரியான பக்கம் மடங்கி உட்காரும். அடியில் இருக்கும் தகட்டிலும் உள் கிண்ணத்திலும் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் அவற்றையும் மாற்றுங்க. மணல் கரையில் ஓடிய மோட்டாரில் புது இம்பெல்லர் போட்டும் தண்ணி வராததற்குப் பெரும்பாலும் அந்தத் தகடுதான் காரணம். திரும்ப ஏற்றும்போது ஸ்ப்ளைனின் பக்கங்களில் மட்டும் கிரீஸ், தலையில் தடவாதீங்க. தலையில் கிரீஸ் இருந்தால் அது மேலே அடைபட்டு, லெக் முழுசாக உட்காராமல் நிற்கும். தண்ணிக் குழாய் பம்ப் மூக்கில் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே போல்டை இறுக்குங்க.

தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணியை மறித்துத் திறக்கும் வால்வு) மூடியைத் திறந்து பாருங்க. போல்ட் மூன்று நான்குதான், ஆனால் உப்பில் இறுகியிருக்கும். தலையைத் திருகி முறிப்பதைவிடச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டி எடுங்க. (பக்கத்தில் பெட்ரோல் குழாய் எதுவும் இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

வடகரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. செய்து முடிச்சதுகள்:

சுத்தேக்க கரகரப்பு இல்லை. கொம்பிரசன் மேல் சிலிண்டர் 78, கீழ் 74. ஸ்பார்க் ரெண்டிலும் 7 மில்லிமீற்றர் பாயுது. காபரேற்றர் கிண்ணத்துக்குள்ள வெள்ளைத் தூளும் பச்சைப் பசையும். பைலட் ஜெட் முழுசா அடைச்சிருந்தது. துப்புரவாக்கி, டயபிரமும் மாத்தினேன். இம்பெல்லரில ரெண்டு இறக்கை இல்லை. ஒரு துண்டு பம்ப் கிண்ணத்துக்க இருந்தது, மற்றது குழாய்க்குள்ள இருந்து வந்தது. இப்ப தண்ணி பென்சில் மொத்தத்துக்குப் பீச்சுது.

பெற்றோலில இப்ப அரை மணித்தியாலம் வடிவா ஓடுது. ஆனா கொக்கை (எரிபொருள் மாத்துற திருகு) மண்ணெண்ணெய்க்குத் திருப்பினா ஒண்டரை நிமிசம் ஓடி, பிறகு தும்மித் தும்மி நிக்குது. பிளக் கழட்டினா ரெண்டும் ஈரம், மண்ணெண்ணெய் மணம். மண்ணெண்ணெய் புதுசு, அடியில தண்ணி இல்லை.

தேர்மோஸ்டாற் மூடியைத் திறந்தன். உள்ளுக்க ஒண்டுமே இல்லை. முந்தி வைச்சிருந்தவை கழட்டி எறிஞ்சு போட்டினம் போல. மூடியின்ர ஒரு போல்ட் முறிஞ்சும் போச்சு.

மன்னார்த் துறை:

உங்கட பிரச்சினை அந்த வெறும் ஓட்டைதான்.

கொக்கைத் திருப்பினதும் காபரேற்றர் கிண்ணத்தில மிச்சம் இருக்கிற பெற்றோல் ஒரு நிமிசம், ஒண்டரை நிமிசம் ஓடும். அதுக்குப் பிறகு நிக்குது எண்டால் மண்ணெண்ணெய் வந்து சேருது, ஆனா எரியேல்லை. ஈரப் பிளக்கும் அதைத்தான் சொல்லுது. வந்து சேராட்டிப் பிளக் காய்ஞ்சிருக்கும்.

பெற்றோல் சாதாரணச் சூட்டிலயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே 150 பாகை வேணும், தீப்பத்துற அளவுக்கு ஆவி விடவே 38 பாகைக்கு மேல வேணும். கிராங்க்கேசும் சிலிண்டர் சுவரும் சூடாயிருந்தாத்தான் அது காத்தோட கலக்கும். குளிர்ந்த எஞ்சினில அது துளித்துளியா உள்ளுக்குப் போய், சுவரில இருக்கிற ஒயிலையும் கழுவிக்கொண்டு போகும். தேர்மோஸ்டாற் அதுக்காகத்தான் இருக்கு: எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணியை மறிக்க. "சூடேறுது" எண்டு அதைக் கழட்டி எறியிற பழக்கம் எங்கட கரை முழுக்க இருக்கு. பெற்றோல் எஞ்சினில அது ஓரளவுக்கு மறைஞ்சு போகும். மண்ணெண்ணெய் எஞ்சினில பிளக் நனையும், கரி கட்டும், ரிங் ஒட்டும், ஒரு நாள் சிலிண்டர் போகும். பிறகு "மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்னுது" எண்டு சொல்லுவினம். முதல் சூடேறினதுக்குக் காரணம் பாதி தேஞ்ச இம்பெல்லர் எண்டதை ஒருத்தரும் பாக்கிறேல்லை.

புதுத் தேர்மோஸ்டாற் வாங்கேக்க உங்கட மொடலின்ர பாகப் பட்டியல் எண்ணைப் பாத்து வாங்குங்கோ. மண்ணெண்ணெய் மொடலும் பெற்றோல் மொடலும் வெளியில ஒரே மாதிரி. போடுறதுக்கு முன்னம் நூலில கட்டித் தண்ணிச் சட்டிக்குள்ள தொங்க விட்டு, வெப்பமானி வைச்சுச் சூடாக்குங்கோ. சாதாரண யமஹா சின்ன எஞ்சின்களில 50 பாகையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 60க்கு 3 மில்லிமீற்றர் அளவு திறந்திருக்கும். சட்டியில திறக்காதது எஞ்சினிலயும் திறக்காது.

அது போட்ட பிறகு ஓட்டுற முறை: பெற்றோலில ஸ்டார்ட், குறைஞ்சது அஞ்சு நிமிசம் சூடாகவிட்டு, அரை திறப்பில ஓடேக்க மண்ணெண்ணெய்க்குத் திருப்போணும். ஐட்லிங்கில திருப்பக் கூடாது. வலைக்குப் பக்கத்தில மெல்ல ஓடுற வேலை நிறைய எண்டால் அந்த நேரத்துக்குப் பெற்றோல்தான். கரைக்கு வாறதுக்கு நாலைஞ்சு நிமிசத்துக்கு முன்னம் திரும்பப் பெற்றோல். கிண்ணத்தில மண்ணெண்ணெயோட நிப்பாட்டினா அடுத்த நாள் விடியக் கயிறு இழுத்துத் தோள்மூட்டுப் போகும்.

பிளக்கும் பாருங்கோ. என்ஜிகேயில எண் குறையக் குறையச் சூடான பிளக். பெற்றோல் 15க்கு வழக்கமா 7 எண்ணில வாறது மண்ணெண்ணெய்க்குக் குளிர்ச்சியாப் போகலாம். உங்கட மொடலுக்குப் புத்தகத்தில எது போட்டிருக்கோ அதுதான், கடையில இருக்கிறதை எடுத்துப் பூட்டாதேங்கோ.

முத்துநகர் ஃபிட்டர்:

தெர்மோஸ்டாட் விளக்கம் ரொம்பச் சரி. ஆனால் சூடான பிளக் விஷயத்தில் எச்சரிக்கை. நனைகிறது என்று ஒரே தாவலில் இரண்டு எண் கீழே போய்விட்டு, முழு த்ராட்டிலில் வெளிக்கடல் ஓடினால் பிஸ்டன் தலையில் துளை விழும். முதலில் தெர்மோஸ்டாட், அப்புறம் பிளக்கின் நிறம், அப்புறம்தான் எண்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பெட்ரோல் மாடலை அப்படியே மண்ணெண்ணெயில் ஓட்டுவது. மண்ணெண்ணெயின் ஆக்டேன் ரொம்பக் குறைவு, பெட்ரோல் கம்ப்ரஷனில் தட்டும். கம்பெனி மண்ணெண்ணெய் மாடலில் கம்ப்ரஷன், ஜெட் எல்லாம் வேறு. ஹெட்டுக்கு அடியில் இரண்டு கேஸ்கெட் போட்டுச் சமாளிப்பவர்கள் ஜெட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஆயில்: பெட்ரோலுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. புது ரிங் போட்டிருந்தால் முதல் பத்து மணி நேரத்துக்கு 25க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. உங்களுக்கு அது தேவையில்லை, ரிங் மாற்றவில்லையே. மண்ணெண்ணெய்க்கு உங்கள் மாடல் புத்தகத்தில் உள்ள அளவைப் பாருங்க, அதைவிடக் குறைக்காதீங்க, ஏற்கெனவே சொன்னபடி அது சுவரைக் கழுவும். ஆயில் டின்னில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருக்கணும். பைக் 2டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. அதில் சாம்பல் விடும் சேர்மானம் உண்டு, தண்ணியில் குளிரும் மோட்டாரில் அது பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும்.

முறிந்த போல்ட்: வெளியே 3, 4 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு பண்ணச் சொல்லுங்க. வெல்டின் சூடே துருவை விடுவிக்கும், ஆறும்போது திருகினால் வந்துவிடும். மட்டமாக முறிந்திருந்தால் சென்டர் பஞ்ச் சரியாக நடுவில், பிறகு இடக்கை டிரில் (இடப்பக்கம் சுற்றி வெட்டுவது). ஈஸி-அவுட் (முறிந்த போல்ட்டுக்குள் விட்டு எடுக்கும் திருகு) கடைசி வழி. அது உள்ளே முறிந்தால் எந்த டிரில்லும் அதைக் கடிக்காது. புது போல்ட் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போட்டால் ஆன்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) தடவாமல் போடாதீங்க, எஸ்எஸ்ஸும் அலுமினியமும் உப்புத் தண்ணியில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

மூடியைத் திறந்த கையோடு ஹெட்டையும் திறப்பதா என்று யோசிப்பீங்க. 78, 74 வந்த மோட்டாரில் நான் திறக்க மாட்டேன். ஒருவேளை தெர்மோஸ்டாட் போட்ட பிறகு ஹெட் அளவுக்கு மீறிச் சூடேறினால் மட்டும் திறங்க. அப்போது உப்பைச் சுரண்டி எடுத்து, ஹெட் முகத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய 400 நம்பர் வாட்டர் பேப்பரில் எட்டு எழுதுவது போல் தேய்த்துச் சமன் பாருங்க. 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. கேஸ்கெட் புதுசு, போல்ட் நடுவிலிருந்து வெளியே, இரண்டு கட்டமாக.

வடகரை:

தேர்மோஸ்டாற் போட்டாச்சு. நேற்று மண்ணெண்ணெயில ஒரு மணித்தியாலம் நிக்காமல் ஓடினது. பிளக் இப்ப காய்ஞ்ச கபில நிறம், எண் மாத்தேல்லை. ஹெட்டில தண்ணித் துளி பொரியேல்லை.

மிச்சம் கியர் ஒயில் மட்டும்தான். பழசை வடிச்சுப் புதுசு விட்டன். ஒரு மணித்தியாலம் ஓடினதும் திரும்ப லேசா வெளுத்திருக்கு. தண்ணியை மறிக்கிற ரப்பர் சீல் ரெண்டையும் மாத்துறதா, ஒண்டா?

குமரிக்கரை:

எது கசிகிறது என்று தெரியாமல் சீல் வாங்காதீங்க. ஒயிலை முழுசாக வடித்துவிட்டு, மேல் துளையில் ஒரு டியூப் முனை பொருத்தி, சைக்கிள் பம்பால் 10 பிஎஸ்ஐ ஏற்றுங்க. 15ஐத் தாண்டினால் நல்ல சீலும் புரண்டுவிடும். லெக்கைத் தண்ணித் தொட்டியில் அமிழ்த்தினால் குமிழ் வரும் இடமே பதில். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் ட்ரைவ் ஷாஃப்ட்டையும் கையால் சுற்றிக்கொண்டே பாருங்க, நின்றால் பிடித்து, சுற்றினால் விடும் சீல் உண்டு. ஷிஃப்ட் ராட் இறங்கும் இடத்தையும் விடாதீங்க, அங்கே ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கு, யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அதற்கும் முன்னால் ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்க. பின்னால் ஷாஃப்ட்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் சீல் உதட்டை அறுத்திருக்கும். நம் கடலில் பத்துக்கு ஏழு லெக்கில் காரணம் அதுதான். இன்னொன்று ட்ரெயின் ஸ்க்ரூ வாஷர்: பழையதையே திரும்பப் போட்டிருந்தால் தண்ணி அது வழியாகவே வந்திருக்கும், சீல் இரண்டும் சும்மா பழி சுமக்கும்.

புது சீல் அடிக்கும் முன் ஷாஃப்ட்டில் உதடு உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்க. பள்ளம் விழுந்திருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்காரவைத்தால் புது இடத்தில் பிடிக்கும். இரண்டு சீல் முதுகோடு முதுகாக வரும் இடத்தில் ஒன்றின் உதடு உள்ளே பார்க்கணும், மற்றது வெளியே. இரண்டையும் உள்ளே பார்த்து அடித்தால் ஒயில் நிற்கும், தண்ணி வரும்.

ஒயில் எஸ்ஏஇ 90 ஹைபாய்ட், 15க்குக் கால் லிட்டர் அளவு பிடிக்கும். லெக் நேராக நிற்க, கீழ்த் துளை வழியாக அழுத்தி ஏற்றி, மேல் துளையில் குமிழில்லாமல் வழிந்த பிறகு மேல் ஸ்க்ரூவை முதலில் மூடிவிட்டுக் கீழே டியூபை எடுங்க. மேலிருந்து ஊற்றினால் காற்று நடுவில் நின்று, பாதி ஒயிலோடு ஓடும்.

மன்னார்த் துறை:

ஒரு சின்ன விசயம். லேசா வெளுத்தது முந்தி இருந்த மிச்சமாவும் இருக்கலாம். முதல் வடிப்பில எல்லாம் வராது, கியர் பல்லில ஒட்டினது நிக்கும். அழுத்தம் வைச்சுப் பாத்துக் குமிழ் வராட்டி, இன்னொரு தரம் மாத்தி ஒரு நாள் ஓடிப் பாருங்கோ.

பிறகு கொட்டிலுக்க வைக்கேக்க படுக்கப் போடாதேங்கோ, மரக்கட்டையில நிமித்திப் பூட்டி வையுங்கோ. நல்லதண்ணியில பத்து நிமிசம் பெற்றோலில ஓட்டி, குழாயைக் கழட்டிக் கிண்ணம் காயும் வரைக்கும் ஓடவிட்டு, பிளக் துளைக்கு அஞ்சு மில்லிலீற்றர் ஒயில் விட்டு ரெண்டு தரம் மெல்லச் சுத்திவிட்டாச் சரி. கழட்டின பழைய டயபிரம் மிஞ்சியிருந்தா எறியாதேங்கோ, கேஸ்கெட் வெட்ட அச்சுக்கு உதவும்.